இரண்டாவது நாற்காலி

"கொஞ்சம் அந்தப் பையை எடுத்துக்கிறீங்களா? அது என் பொண்ணோட அம்மா சீட்டு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

பக்கத்திலிருந்த பருமனான அம்மாள் சட்டென்று தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலி நாற்காலியின் முதுகில் 'அம்மா' என்று பச்சை மையில் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. பரிசு வாங்கும் பிள்ளைகள் பெற்றோருக்கான இரண்டு நாற்காலிகளிலும் தங்கள் கையாலேயே எழுதி ஒட்டவேண்டும் என்பது அந்த விடுதிப் பள்ளியின் வழக்கம்.

"கவனிக்கலைங்க. வந்துக்கிட்டிருக்காங்களா?"

"இல்லைங்க. பாப்பாவுக்கு அஞ்சு வயசு இருக்கும்போதே..."

அந்த வாக்கியத்தை அவர் எப்போதும் அந்த இடத்தில்தான் நிறுத்துவார். மிச்சத்தைக் கேட்பவர்களே முடித்துக்கொள்வார்கள். அந்த அம்மாளும் உச்சுக்கொட்டி முடித்துக்கொண்டாள்.

"தனி ஆளா வளர்த்திருக்கீங்க. அதுவும் பாருங்க, இல்லாத அம்மாவுக்கும் இடம் போட்டு வெச்சிருக்கு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேடையில் சிறப்பு விருந்தினர் இரண்டே வார்த்தை பேசுவதாகச் சொல்லி ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது. மருந்துக்கடைக்காரர் எதையும் காதில் வாங்கவில்லை. ஓரமாக வரிசையில் நின்ற மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

போன வருஷத்திலிருந்து ஒரு விடுமுறைக்குக்கூட அவள் வீட்டுக்கு வரவில்லை. கேட்டால், "இங்க எனக்கு வேலை இருக்குப்பா" என்று போனை வைத்துவிடுவாள். கடையைச் சாத்திவிட்டு வந்து, தின்ற ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போதெல்லாம் அவருக்கு அழுகை முட்டும். இந்தத் தடவை எப்படியாவது கையோடு கூட்டிப்போய்விட வேண்டும் என்று வந்திருந்தார்.

மாதம் தவறாமல் வந்து அவளைப் பார்க்கிறவர்தான். இந்த ஊரில் அவருக்கு வேறொரு வேலையும் உண்டு. அதை முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார். ஒரே பயணத்தில் இரண்டும் முடியட்டும் என்று கணக்குப்போட்டுத்தான் அவளை இந்தப் பள்ளியிலேயே சேர்த்தார். இன்று காலையும் அந்த வேலையை முடித்துவிட்டார், முகம்தான் இன்னும் தெளியவில்லை.

ஒரு வழியாகப் பேச்சு முடிந்து பரிசு தொடங்கியது. கணக்கில் முதல் பரிசு அவர் மகளுக்கு. ஓட்டப்பந்தயத்திலும் அவளேதான்.

"நம்ம வீட்டுப் பையனுக்கு லீவே போடலைன்னு ஒரு சர்டிஃபிகேட் குடுக்கிறாங்களாம்," என்றாள் அந்த அம்மாள். "ஹாஸ்டல்ல இருக்கறவன் லீவு போட்டுட்டு எங்க போவான், சொல்லுங்க."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

கடைசியாகத் தலைமையாசிரியை ஒரு பெரிய கோப்பையைக் கையில் எடுத்தார். "இது சேவைக்கான கோப்பை. போன வருஷம் பிள்ளைகளை ஒருநாள் மனநலக் காப்பகத்துக்குக் கூட்டிப் போனோம். மற்றவர்களுக்கு அது ஒருநாளோடு முடிந்தது. இந்தப் பெண் மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு வாராவாரம் போனாள், விடுமுறையிலும் போனாள். யாரையும் கிட்டவே சேர்க்காத ஒருவருக்குத் தலை வாரி, சாப்பாடு ஊட்டி, இன்று அவரைப் பேசவும் வைத்திருக்கிறாள்."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. மருந்துக்கடைக்காரரின் கைகள் மட்டும் பாதியில் நின்றுவிட்டன.

"மனுஷனுக்குப் பெருமை தாங்கலை, பாவம்," என்று அந்த அம்மாள் பின்வரிசைக்குத் திரும்பிச் சொன்னாள். அதைக் கேட்டு அவரும் தட்டினார். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தது. பிள்ளைகள் பெற்றோரை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். மகள் நிதானமாக வந்தாள். மெடலைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டாள். கோப்பையைக் காலி நாற்காலியின் மேல் வைத்தாள்.

"இந்த லீவுக்காவது வீட்டுக்கு வா கண்ணு. அப்பாவால முடியலை," என்றார். இதற்குமேல் கௌரவம் பார்க்க அவரிடம் தெம்பு இல்லை.

"வர்றேன்ப்பா."

அவருக்கு நம்பவே முடியவில்லை. கண்ணில் நீர் திரண்டுவிட்டது. "நிஜமாவா? வா வா, உன் பெட்டியை நான் தூக்கிக்கிறேன். எங்க இருக்கு?"

"ரெண்டு பெட்டிப்பா. ஒண்ணு ஹாஸ்டல்ல இருக்கு. இன்னொண்ணு காப்பகத்துல. அதையும் நானே நேத்து கட்டி வெச்சிட்டேன்."

"காப்பகத்துல உனக்கு என்ன பெட்டி?" என்று கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

மகள் நாற்காலியிலிருந்த காகிதத்தைக் கிழியாமல் உரித்து, மடித்து, அவர் சட்டைப் பைக்குள் வைத்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

"மாசாமாசம் ஜன்னலுக்கு வெளியவே நின்னுட்டுத் திரும்பிடுறீங்களாமே, அம்மா சொன்னாங்கப்பா."