ஏழு வாரம் வந்த பேய்

ஏழு வாரம் தொடர்ந்து ஒரே பேயைப் பற்றிச் செய்தி எழுதிய மனுஷனுக்கு எதற்குச் சால்வை என்பதுதான் ஆல்வினுக்குப் புரியவில்லை.

இருந்தாலும் ஆம்பூர் வாசகர் வட்டக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் விழாவைத் தொகுத்து வழங்க ஒத்துக்கொண்டான். ஷூ கம்பெனியில் அவனுக்குக் குவாலிட்டி செக்கிங் வேலை. எதைக் கையில் எடுத்தாலும் குறை கண்டுபிடித்துப் பழகிவிட்டது.

சால்வை வாங்க வந்தவர் ஆபித் பாஷா. எப்போதோ நின்றுபோன 'பாலாற்றுத் தூதன்' வாரப் பத்திரிகையின் ஒரே நிருபர். வயது எழுபத்து நாலு. ஊரில் அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு. பேய் பாய்.

ஆல்வின் பழைய இதழ்களைக் குடைந்து தலைப்புகளை எழுதிக்கொண்டு வந்திருந்தான். மைக்கைப் பிடித்ததும் வாசிக்க ஆரம்பித்தான்.

"பாலாற்றில் தண்ணீர்: பொதுமக்கள் அதிர்ச்சி."

மண்டபம் சிரித்தது.

"காட்பாடியில் சரியான நேரத்துக்கு வந்த ரயில்: தவறவிட்ட பயணிகள் மறியல்."

"பிரியாணியில் கறி கம்மி: மாப்பிள்ளை மாயம்."

"கோவிந்தசாமி இறக்கவில்லை: வருந்துகிறோம்."

முன்வரிசையில் ஒருவர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவிவிட்டார். ஆபித் பாஷாவும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செத்ததாகப் போட்டதற்கு ஒரு தடவை வந்து சண்டை போட்ட கோவிந்தசாமி, இந்த மறுப்பைப் படித்துவிட்டு மறுபடியும் வந்து சண்டை போட்டாராம்.

அடுத்து ஆல்வின் பேய்க்கு வந்தான். ஷூ கம்பெனியிலிருந்து ரயில்வே கேட்டுக்குப் போகும் வழியில் இருந்த புளியமரத்துப் பேய். வருஷம் தொண்ணூறு.

முதல் வாரம், 'வெள்ளைச் சேலைப் பேய் நடமாட்டம்: பொதுமக்கள் பீதி.' இரண்டாவது வாரம், 'பேய்க்குக் கால் இல்லை: நேரில் பார்த்தவர் பேட்டி.' மூன்றாவது வாரம், 'ஆண்களை மட்டும் அடிக்கும் பேய்: பகீர் தகவல்.' நான்காவது வாரம், 'பேய் அறைந்து வாலிபருக்குக் கன்னம் வீக்கம்.'

அந்தப் பேய்க்குப் பயந்து, மீசை முளைக்கும் வரை ஊரைச் சுற்றிக்கொண்டுதான் ஸ்கூலுக்குப் போனதாக ஆல்வின் சொன்னதும் விசில் பறந்தது. அந்த ஜோரில் மைக்கை நேராக ஆபித் பாஷாவிடம் கொண்டுபோய் நீட்டினான்.

"பாய், இன்னிக்காவது நிஜத்தைச் சொல்லுங்க. அந்தப் பேயை நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல தம்பி."

"வேற யாராச்சும்?"

"யாருமே பார்க்கலை."

"அப்புறம் ஏழு வாரம் இன்னாத்துக்கு எழுதினீங்க?"

ஆபித் பாஷா பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு மைக்கில் குனிந்து, "பேப்பர் விக்கணும் இல்லையா" என்றார்.

பொய்யைப் பொய் என்று ஒத்துக்கொண்ட முதல் நிருபருக்குப் பலமாக ஒரு கைதட்டு வேண்டும் என்றான் ஆல்வின். கைதட்டு கூரையைத் தொட்டது. பாஷாவும் சிரித்தார். ஆனால் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் சிரித்தார்.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஆல்வினின் அக்கா மெர்சி எழுந்து வந்தாள். அதே கம்பெனியில் முப்பது வருஷம் ஷூவுக்குத் தையல் போட்டவள். நேரமாகிவிட்டது, முடி என்று சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தான். அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

அந்த வருஷம் ஓவர்டைம் முடித்துப் பன்னிரண்டு பெண்கள் அந்த வழியாகத்தான் நடந்து வருவார்களாம். புளியமரத்தடி இருட்டில் நாலைந்து ஆண்கள் நிற்பார்கள். வழி மறிப்பார்கள். தாவணியை இழுப்பார்கள்.

இதை எழுதி, அந்த வழியில் விளக்கு போடச் சொல்லி நகராட்சியில் மனு கொடுத்தார்கள். ஜாக்கிரதையாகப் போங்கம்மா என்று அங்கே புத்தி சொல்லி அனுப்பினார்கள். பிறகு பெண்கள் ஆபித் பாஷாவிடம் வந்து சொன்னார்கள். அவர் கொதித்துப்போய் அப்படியே எழுதினார். பத்திரிகை முதலாளி அதைக் கிழித்துப் போட்டுவிட்டார். ஊர் பேர் கெட்டுவிடும் என்றாராம்.

"பேய்னு எழுதுங்கன்னு நாங்கதான் கேட்டோம். அந்த வாலிபர் கன்னத்துல அறைஞ்சது நான்" என்றாள் மெர்சி. "அதுக்கப்புறம் மரத்தடிக்கு ஒரு ஆம்பளையும் வரலை."



கல்யாணமாகாத பன்னிரண்டு பெண்களின் பெயர் வெளியே வரக்கூடாது என்று பாஷா யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் பேய் பாயாகவே இருந்துவிட்டார். இப்போது எங்கள் எல்லாருக்கும் பேரப்பிள்ளைகளே வந்தாச்சு, சொன்னால் என்ன என்றாள் மெர்சி.

ஆல்வினுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் குவாலிட்டி செக்கிங் புத்தி விடவில்லை. "அதுக்காக பேப்பர்ல பொய் எழுதலாமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

மெர்சி சால்வையை எடுத்து உதறி விரித்தாள்.

"நிஜத்தை எழுதி மூணு மனு குடுத்தோம்டா, ஒரு பல்பு வரலை. பேய்னு எழுதினதும் பன்னெண்டு விளக்கு வந்துச்சு."