பெர்மனென்ட்டா?

"பொண்ண ஒருதரம் நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்மா. ராமலிங்கம் அண்ணன்தான் அனுப்புனாரு."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தமிழ்நிலாவுக்கு, கூடத்திலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது.

கோடை விடுமுறைக்குக் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலில், வருகிறவர்களுக்குச் சிற்பங்களைச் சுற்றிக்காட்டும் வேலை அவளுக்கு. வெயிலில் கருகி, சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் நசுங்கி நெய்வேலிச் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தால் இங்கே இப்படி! எம்.ஏ. முடிக்கும்வரை கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த அப்பா ராமலிங்கம், செகண்ட் ஷிப்டுக்குப் போயிருந்தார். செய்வதையும் செய்துவிட்டு மைன்ஸில் போய் ஒளிந்துகொண்டால் ஆயிற்றா?

அம்மா மலர்கொடி அவளை அடுப்படிக்கு இழுத்தாள்.

"எனக்கும் ஒண்ணும் புரியலடி. உங்கப்பா ஒரு வார்த்த சொல்லல. பக்கத்துல வடக்குத்து கிராமத்துலேர்ந்து வந்திருக்காங்க. மொகத்தக் கழுவிக்கினு இந்த பஜ்ஜியக் கொண்டுபோயிக் குடு."

கூடத்தில் வீரம்மாள் என்ற அந்த அம்மாளும், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் அவள் மகனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பஸ்ல தனியாவா போயிட்டு வர்ற?" என்றாள் வீரம்மாள்.

"ஆமாங்க."

"வேல பெர்மனென்ட்டா?"

"இல்லீங்க. லீவுக்கு மட்டுந்தான். காலேஜ் தெறந்தா நின்னுடுவேன்."

முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தாள். நெய்வேலியில் பெர்மனென்ட் இல்லையென்றால் மாப்பிள்ளைக்கே மரியாதை கிடையாது. வீரம்மாளோ மகனைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்ப படிப்பு கெடாது. நல்லதாப் போச்சு."

தமிழ்நிலாவுக்குத் தலை சுற்றியது. படிப்பைப் பற்றிக் கவலைப்படுகிற மாமியார் எந்த ஊரில் இருக்கிறாள்? அந்த மகனாவது நிமிர்ந்து பார்க்கிறானா என்றால், பஜ்ஜியே கண்ணாக இருந்தான்.

"எட்டு வச்சா ஒடஞ்சிடுற மாதிரி இருக்க. அம்மாம் வெயில்ல எப்படித்தான் நிக்கிற?"

அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர்ச் சொம்பை நங்கென்று வைத்தாள்.

"எனக்கு இப்ப கல்யாணம் வேணாங்க. நான் படிக்கணும். எங்கப்பா ஒத்துக்கினாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

மகனுக்குப் புரையேறியது. வீரம்மாள் அவன் தலையில் தட்டிக்கொண்டே திருதிருவென்று விழித்தாள்.

"ஐயய்யே! இவனுக்குத் தையிலயே கல்யாணம் ஆயிடுச்சு கண்ணு. எம் மருமவ காலேஜ பாதியில வுட்டுட்டு வந்தவ. மறுபடியும் போறேன்னு அழுதுகினு கெடக்கா, நாந்தான் வாணாம்னு நின்னேன். உங்கப்பாதான் மைன்ஸ்ல கூட வேல பாக்குற இவங்கிட்ட, 'உங்கம்மாவ இட்டுக்கினு போயி மொதல்ல எம் பொண்ணப் பாரு. பாத்துட்டு அப்பறமும் மனசு வந்தா, உன் பொண்டாட்டி படிப்ப நிறுத்து'ன்னாராம்!"