அண்டாவுக்குள் சரவணகுமார்

கும்மிடிப்பூண்டி பாத்திரக் கம்பெனியின் கேட்லாக்குக்கு முந்நூறு படங்கள் நான் வேலை பார்க்கும் டிசைன் கடைக்கு வந்தன. எல்லா எவர்சில்வரிலும், படமெடுத்த சரவணகுமாரே கேமராவோடு கட்டம்போட்ட சட்டையில் தெரிந்தார்.

"பாத்திரத்த விக்கறமா, இவன விக்கறமா? சாயந்தரம் சிடி பிரஸ்ஸுக்குப் போவணும்மா!" என்று எங்கள் கடை முதலாளி கிஃபாயத்துல்லா பாய் கத்தினார்.

ஒரு டம்ளரில் சரவணகுமாரை அழித்துக் காட்டினேன். மீதியை அதே மாதிரி ஃபோட்டோஷாப்பே வரிசையாக அழிக்கட்டும் என்று விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாப் பாத்திரமும் சுத்தமாக இருந்தது. கடைசிப் படமான கல்யாண அண்டாவில் மட்டும், அழித்த சரவணகுமார்கள் அத்தனை பேரும் காலை லோக்கல் ரயில் மாதிரி நெருக்கியடித்து நின்றார்கள். இரண்டு பேருக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது.

பாய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இப்பதாம்மா அண்டா இன்னா சைஸுன்னு தெரியுது. இத மட்டும் அழிக்காத."