நான்காம் கட்டிலுக்கு எதிரே ஒரு படகு

சமூகத்தில் கலைக்கு என்ன வேலை என்று ஆராயப் போன கல்லூரி வாத்தியார் பூவராகன், ஆராய வேண்டிய படத்தையே கீழே போட்டு உடைத்தார். டயாலிசிஸ் வார்டின் சுவரில் யாரோ வரைந்து மாட்டிய ஆற்றுப் படகு அது. போட்டோ எடுக்கக் கழற்றும்போது கை நழுவி, கண்ணாடி நொறுங்கியது. கூடவே அவர் மானமும் கொஞ்சம்.

சாமானியருக்குக் கலை தேவைப்படுவதில்லை என்று முடிவுரையை அவர் முன்னமே எழுதி வைத்திருந்தார். ஆதாரம் மட்டும்தான் பாக்கி. உடைப்பதற்கு முன், படத்தால் என்ன பயன் என்று நோயாளிகளிடம் கேட்டதற்கு, "செவுத்துல ஓட்டை தெரியல சார்" என்றார் ஒருவர். நான்காம் கட்டில் மீன்காரி தேசம்மாவோ, "உன் கேள்வியால உனக்கு இன்னா பயன், வாத்தியாரே?" என்று மடக்கினாள்.

ஒரு வாரம் கழித்து, புதுக் கண்ணாடி போட்ட படத்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக வந்தார். ஊசி ஏறிய கையை அசைக்காமல் படுத்திருந்த தேசம்மா, "இடப்பக்கம் எறக்கு, படகு கவுந்துடப் போவுது" என்று மேற்பார்வை பார்த்தாள். மாட்டி முடித்ததும் மறுகையை நெற்றிவரை தூக்கி ஒரு கும்பிடு போட்டாள். உடைத்தவனுக்கா கும்பிடு என்று அவர் கூசிப்போனார். கேள்வித்தாளை எடுக்காமலே கேட்டார்:

"இதுல அப்படி என்னம்மா இருக்கு?"

"ஊசி குத்துனதும் அதுல ஏறிக்குவேன். நாலு மணி நேரத்துல அக்கரைக்குப் போய்த் திரும்பிடுவேன். போன வாரம் பூரா இங்கியே கெடந்தேன், வாத்தியாரே. கொஞ்சம் தள்ளி நில்லு, மறைக்குது."