எழுபத்திரண்டு

"ஆள் சிக்கினதும் நேரா போலீஸ்தான். மன்னிப்பு கின்னிப்புன்னு யாரும் என்கிட்ட வரக் கூடாது."

ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுத் தலைவி புகார்க் கடிதத்தைத் தட்டச்சு செய்தே முடித்துவிட்டார். பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் சொந்தக்காரர்களை விடுவதில்லை. அதற்குப் பதிலாகச் செல்போனில் ஒரு பக்கம் கொடுத்திருந்தார்கள். பட்டனை அழுத்தினால் உள்ளே படுத்திருப்பவரின் நாடித்துடிப்பு எண்ணாக வந்து நிற்கும். இன்று காலை ஒன்பது மணியிலிருந்து அது யாருக்கும் வரவில்லை. வராந்தாவில் இருபது குடும்பங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தன.

அந்தப் பக்கத்தை எழுதிய புரோகிராமருக்கு அலுவலகத்தில் 'அவசரம்' என்று பெயர். எதையும் சொன்ன தேதிக்கு முன்பே முடித்துக் கொடுத்துவிடுவார். ஆறு மாதம் முன்பு தலைவி கேட்கத்தான் செய்தார், ஒருத்தர் எத்தனை தடவை அழுத்தலாம் என்று வரம்பு எதுவும் வைக்கவில்லையே என்று.

"எந்தப் பைத்தியக்காரன் மேடம் ஒரே பட்டனை ஆயிரம் தடவை அழுத்தப்போறான்?"

தலைவியும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சிரிப்பு இப்போது இருவருக்குமே ஞாபகம் இருந்தது.

ஒரே ஒரு போன். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் தடவை அந்தப் பட்டனை அழுத்தியிருக்கிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஆஸ்பத்திரியின் சர்வர் கணினி தன் நினைவகத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. போதும் என்று சொல்ல அதற்கு யாரும் கற்றுத் தரவில்லை. இடமெல்லாம் தீர்ந்து, மூச்சு முட்டி நின்றுவிட்டது.

அந்தப் போனைத் தடுத்தால் அரை நிமிடத்தில் சரியாகிவிடும் என்றார் அவசரம். யாரோ வேண்டுமென்றே முடக்குகிறான் என்று நினைத்த தலைவி விடவில்லை. தடுத்தால் இன்னொரு போனோடு வருவான், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரி வைஃபை அந்தப் போன் இருக்கும் இடத்தையும் காட்டிக் கொடுத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு வராந்தா.

"உங்க வேலையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். முதல்ல லேப்டாப்பை எடுத்துட்டு வாங்க."

வராந்தாவில் எல்லோர் மடியிலும் போன் இருந்தது. விரல் ஓடிக்கொண்டிருந்தது ஒருவருக்கு மட்டும்தான். மூலை நாற்காலியில் ஒரு பெரியவர். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. மடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. கட்டைவிரல் நுனி சிவந்து போயிருந்தது.

தலைவி வேகமாகப் போவதைப் பார்த்து நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"பதினாலாம் படுக்கையோட அப்பா மேடம். பையன் ஒன்பது இருபதுக்குப் போயிட்டார். சொல்லியாச்சு. பேப்பர் வேலை முடியட்டும்னு உட்கார வச்சிருக்கோம்."

புகார்க் கடிதம் தலைவியின் கைக்குள் நான்காக மடிந்தது.

அவசரம் மெல்லப் போய்ப் பெரியவரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். திரையில் 72 என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில் நேரம் 8.58.

"ஐயா, இது பழசு. நீங்க விடாம அழுத்திக்கிட்டே இருக்கீங்கல்ல, சர்வர் திணறி அப்படியே நின்னுடுச்சு. நிறுத்தினீங்கன்னா தானா சரியாகி, புதுசைக் காட்டும்."

கட்டைவிரல் நிற்கவில்லை.

"புதுசுன்னா என்ன காட்டும் தம்பி?"

துடிப்பு இல்லையென்றால் எண்ணுக்குப் பதில் ஒரு சின்னக் கோடு. அதையும் அவசரம்தான் எழுதியிருந்தார்.

"நர்சம்மா வந்து சொன்னாங்க. புரியாம இல்ல. ஆனா இதுல அவன் இன்னும் நல்லாத்தானே இருக்கான்." பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டுமா?"

அவசரம் நிமிர்ந்து தலைவியைப் பார்த்தார். தடுப்பதற்கு லேப்டாப்பில் ஒரு விசையைத் தட்டினால் போதும். தலைவி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எதிர் நாற்காலியில் இருந்த ஒரு பெண் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"சிஸ்டர், இது சுத்திக்கிட்டே இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு எப்படி இருக்குன்னு யாராவது சொல்லுங்களேன். காலையிலேர்ந்து ஒண்ணுமே தெரியல."

பெரியவர் அவளைப் பார்த்தார். பிறகு வராந்தாவின் கடைசிவரை ஒவ்வொரு மடியாகப் பார்த்தார்.

"இவங்களுக்கெல்லாம் வராதது என்னாலயா தம்பி?"

"இல்லீங்கய்யா. என்னால."

பெரியவர் அதை நம்பின மாதிரித் தெரியவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் எத்தனாவது படுக்கைம்மா?"

"ஒன்பது."

சரி என்று தலையாட்டினார். இன்னொரு முறை 72-ஐப் பார்த்தார். கட்டைவிரலை எடுத்தார். போனைக் கண்ணாடிக் கூட்டின் மேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. வராந்தாவில் ஒவ்வொரு போனாக எண் வர ஆரம்பித்தது.

"எண்பத்திநாலு," என்றாள் அந்தப் பெண், அழுதுகொண்டே. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பெரியவரிடமே சொன்னாள்.

"நல்லா இருக்கார்மா," என்றார் அவர், தன் போனைத் திருப்பாமல்.