ரிப்பன்

அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது.

எதிரே புத்தம்புதுக் கழிப்பறைகள். அத்தனையும் அவள் வரைந்தவை. குழி தோண்டியதிலிருந்து டைல்ஸ் ஒட்டியது வரை சிவில் இன்ஜினியரிங் தோழர்களோடு வெயிலில் கிடந்து கட்டியவை.

ஒவ்வொரு கதவுக்கும் குறுக்கே சிவப்பு ரிப்பன்.

வாசலில் கோலம். தாழ்ப்பாளில் சாமந்தி மாலை. வாழைமரம் மட்டும்தான் பாக்கி.

அதுவும் வந்து இறங்கியது.

"சார், ஒரே நிமிஷம். குனிஞ்சு உள்ள போயிட்டு வந்துடறேன்."

பேராசிரியர் பதறிப்போனார்.

"சீஃப் கெஸ்ட் ரிப்பன் வெட்டாம யாரும் கால் வைக்கக் கூடாதும்மா. அபசகுனம்!"

அபசகுனமாம். கக்கூஸுக்கு!

சிறப்பு விருந்தினர் பக்கத்தில் வந்துவிட்டாராம். காலையிலிருந்து பக்கத்திலேயேதான் வந்துகொண்டிருக்கிறார்.

வந்ததும் கொடுத்த இளநீரை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டாவதையாவது.

கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். இன்னும் கொஞ்சம் போனால் ஊர் கூடிய பந்தலில் மானம் போய்விடும். அழுகை வந்தது.

பந்தலில் உட்கார்ந்திருந்த முத்துராக்கு அவளைக் கவனித்துவிட்டாள்.

"கருவேலங்காட்டுக்குப் போகாதீங்க, நோய் வரும்" என்று அவள் வீடு வீடாக ஏறிச் சொன்னபோது, அவளிடம் அதிகம் பேச்சு வாங்கியவள் முத்துராக்குதான்.

எழுந்து வந்து கையைப் பிடித்தாள்.

"வா தாயி. நம்ம எடத்துக்குப் போவோம்."

அவள் தலை மாட்டேன் என்று ஆடியது. கால்கள் அதைக் கேட்கவில்லை.

பின்னாலேயே இன்னும் சில பெண்கள் வந்தார்கள். ஒருத்தி குச்சியால் தரையைத் தட்டிப் பாம்பு விரட்டினாள். மற்றவர்கள் முந்தானையை விரித்துப் பிடித்து, முதுகைக் காட்டி நின்றார்கள்.

அப்பாடா!

பந்தல் பக்கம் வெடிச் சத்தம். கைதட்டல். விருந்தினர் வந்தேவிட்டார்.

மைக் கரகரத்தது.

"இன்று முதல் இந்த ஊரில் ஒருவர்கூடக் காட்டுப் பக்கம் ஒதுங்க மாட்டார்!"

முந்தானைகள் குலுங்கின.

"இந்தப் பெருமையைத் தேடித் தந்த மாணவி நிறைமதியை மேடைக்கு அழைக்கிறோம்!"

அவளுக்கு உயிரே போயிற்று. பாதியில் எழவா முடியும்?

முத்துராக்கு திரும்பாமலேயே பந்தலை நோக்கிக் குரல் கொடுத்தாள்.

"செத்த பொறுங்கய்யா! புள்ள வேலையா இருக்கு."