எட்டாவது கை

பவளப்பாறைகளைப் பார்க்க வருபவர்களைப் படகு சுமந்து செல்லும். ஆக்டோபஸ் அவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டும். கிளம்பும்போது விருந்தாளிகள் ஆக்டோபஸின் கையில் சில சோழிகளை வைத்துவிட்டுப் போவார்கள். அதில் பாதி படகுக்கு என்பது வழக்கம்.

அன்று வந்த குளத்து ஆமை கரையில் இறங்கியதும் ஆக்டோபஸின் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கியது. பிறகு போய்விட்டது.

"எவ்வளவு குடுத்தார்?" என்று கேட்டது படகு.

"ஒண்ணும் குடுக்கலைப்பா. ரொம்ப நன்றின்னு மட்டும் சொன்னார்."

"நன்றி சொல்ல இவ்வளவு நேரமா? கையைக் காட்டுங்கண்ணே."

கரையோரப் பாறையில் உட்கார்ந்திருந்த ஆக்டோபஸ் ஒவ்வொரு கையாக விரித்துக் காட்டியது. ஏழும் காலி.

"எட்டாவது?"

"அதுலதான் உன் கயிற்றைப் பிடிச்சிருக்கேன். நீரோட்டம் இழுக்குது, தெரியலையா?"

"நல்ல சாக்கு. விரிங்க."

ஆக்டோபஸ் படகை ஒரு கணம் பார்த்தது. பிறகு விரித்தது.

அந்தக் கையிலும் எதுவும் இல்லை. கரையை விட்டு வெகுதூரம் இழுபட்டுப் போய்க்கொண்டிருந்த படகுக்கும் அது தெளிவாகத் தெரிந்தது.

'அப்படின்னா பாறைக்கு அடியிலதான் ஒளிச்சு வச்சிருக்கார்' என்று நினைத்துக்கொண்டது படகு.